கருவறைக்குள் ஒரு கண்ணாடி

ராமேஸ்வரம் போன்ற பெரிய கோயில்களில் பூஜையை முழுவதுமாக நின்று பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். அலங்காரம் முடிந்து தீபாராதனை நடக்கும்போது குடை, சாமரம், விசிறி இவற்றோடு ஒரு சிறு கண்ணாடியையும் சுவாமிக்குக் காட்டுவார்கள். பதினாறு உபசாரங்களில் இதுவும் ஒன்று. சுதைச் சிலை, சுவர் ஓவியம் போன்றவற்றின் மேல் தண்ணீர் ஊற்ற முடியாது. அங்கே எதிரில் கண்ணாடியை வைத்து, அதில் விழும் பிம்பத்துக்கு அபிஷேகம் செய்வதும் உண்டு.

இங்கே கண்ணாடி பார்ப்பவர் சுவாமி. பக்தனுக்கு அதில் வேலையில்லை!

ஜப்பானில் கதையே வேறு. அங்கே கண்ணாடிதான் தெய்வம். சூரிய தேவி அமதெராசு கோபத்தில் ஒரு குகைக்குள் போய் ஒளிந்துகொள்ள, உலகம் இருண்டு போனதாம். மற்ற தேவர்கள் மரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டு ஆடிப்பாடி அவளை வெளியே வரவழைத்தார்களாம். பிறகு அவள் தன் பேரனை பூமிக்கு அனுப்பும்போது அந்தக் கண்ணாடியைக் கொடுத்து, இதை நானாகவே எண்ணி வழிபடு என்றாளாம். கி.பி. 712-ல் தொகுக்கப்பட்ட கோஜிக்கி என்ற நூலில் இந்தக் கதை இருக்கிறது. அந்தக் கண்ணாடி ஈசே என்ற ஊர்க் கோயிலில் இருப்பதாக நம்புகிறார்கள். ஆனால் பொதிந்து வைத்திருப்பதால் யாரும் பார்க்க முடியாது. முகம் பார்க்கவே முடியாத கண்ணாடி என்பது வேடிக்கைதான்.

சுவாமி பார்க்கும் கண்ணாடி, யாருமே பார்க்காத கண்ணாடி. மூன்றாவதாக, பக்தன் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் நம் தென்கோடியில் உண்டு.

கன்னியாகுமரி அருகே இருக்கிறது சாமித்தோப்பு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதி திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. நாடார் உள்ளிட்ட பல சாதியினர் மேல்சாதியார் கோயிலுக்குள் போக முடியாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. பனையேறுபவர்கள் மேல் ஏகப்பட்ட வரிகள் வேறு. அங்கே பிறந்த ஒரு குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். இவர்களுக்கு இந்தப் பெயரா என்று எதிர்ப்பு வந்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயரில்கூட முடி இருக்கக்கூடாது, பாருங்கள்.

அந்த முத்துக்குட்டிதான் 1833-ல் திருச்செந்தூர் கடலுக்குள் போய்த் திரும்பி வந்து, அய்யா வைகுண்டர் ஆனார். மன்னரின் சிறையிலும் இருந்தார். 1851-ல் மறைந்தார். அவர் வழியில் உருவான அய்யாவழியில் சிலை கிடையாது. பள்ளியறையில் விளக்குகளும் ஒரு நிலைக்கண்ணாடியும்தான். கும்பிட நிற்பவருக்கு அதில் தெரிவது அவருடைய முகமே. ஆண்கள் உள்ளே போகும்போது தலைப்பாகை கட்ட வேண்டும் என்பது விதி. வெளியே தெருவில் தலைப்பாகை கட்டினால் அடி விழுந்த காலத்தில், அந்தக் கண்ணாடியில் தன்னைத் தலைப்பாகையோடு முதன்முறையாகப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? சாமித்தோப்புக் கண்ணாடியின் ஆன்மிகப் பொருள் என்ன என்று கேட்டால், தத்துவம் பேசுவதைவிட இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி.

வடலூரிலும் கண்ணாடி உண்டு. வள்ளலார் 1872-ல் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்குப் பின்னால் கண்ணாடியும் ஜோதியும் இருக்கின்றன. அங்கே காண்பது ஒளியை, சாமித்தோப்பில் காண்பது தன்னை.

கோயிலுக்குள் போவது அப்போது எவ்வளவு கடினம் என்பதற்கு ராமநாதபுரம் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. 1897 ஜனவரியில் சிகாகோ புகழோடு பாம்பனில் வந்து இறங்கினார் விவேகானந்தர். வரவேற்றவர் மன்னர் பாஸ்கர சேதுபதி. ராமேஸ்வரம் கோயிலில் பேசிய விவேகானந்தர், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்றார். அதே ஆண்டு மே மாதம், அதே சீமையில் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் அவர்கள் மேல் வழக்குப் போட்டவர் பாஸ்கர சேதுபதிதான். கோயிலைச் சுத்தம் செய்யும் சடங்குக்குப் பணமும் கேட்கப்பட்டது! லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்கள் தோற்றார்கள்.

கேரளத்தில் நாராயண குருவும் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்திருக்கிறார். சேர்த்தலை அருகே களவங்கோடம் என்ற ஊரில், சிலை வேண்டும், வேண்டாம் என்று ஊரார் இரண்டுபட்டபோது, 1927-ல் ஓம் என்று பொறித்த கண்ணாடியை வைத்தார். இவருக்கும் வைகுண்டருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இடைவெளி இருந்தாலும், இருவரையும் பின்பற்றியவர்கள் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களே.

பிறகு கதவுகள் திறந்தன. 1936-ல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலையில் வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களில், தாழ்த்தப்பட்ட மக்களோடு ஒரு நாடாரும் இருந்தார். கமுதியில் தடுக்கப்பட்டதும் மீனாட்சி சன்னதிதான் என்பது நினைவிருக்கலாம். எல்லாக் கோயிலுக்குள்ளும் போகலாம் என்று ஆன பின்னும் சாமித்தோப்பில் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சிலை வைக்கவில்லை. நிழல் தாங்கல்கள் எனப்படும் அய்யாவழிக் கோயில்களிலும் இன்றுவரை கண்ணாடிதான்.