வெளிப்பொருத்து எஞ்சினின் கியர்ப்பெட்டியும் நீர்க்காப்பும்: குமரிக் கடற்கரையின் பழுதுபார்ப்பு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மீன்பிடித் தொழிலின் இயந்திரமயமாக்கம் பெரும்பாலும் படகுகளின் எண்ணிக்கை, குதிரைத்திறன், மீன்வரத்து ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. வெளிப்பொருத்து எஞ்சினின் நீரில் மூழ்கும் கியர்ப்பெட்டியை மையமாகக் கொண்டு, பழுதுபார்ப்பும் அவ்வரலாற்றின் இன்றியமையாத பகுதி என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வெளிப்பொருத்து எஞ்சின், கியர்ப்பெட்டி, ஆயில் சீல், முட்டம், நீள்வால் எஞ்சின்.

1. முன்னுரை

சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் காப்பது கடலுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அல்லிநகரம் உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கின் கிணற்றுப் பாசனத்திலும் அது உண்டு. மையவிலக்கு பம்பின் தண்டைச் சுற்றிக் கயிறு போன்ற பேக்கிங் அடைக்கப்படும். அதன் வழியே சொட்டும் நீர் தண்டைக் குளிர்விக்கும். எனவே அங்குச் சிறு கசிவு குறையாகக் கொள்ளப்படுவதில்லை. வெளிப்பொருத்து எஞ்சினுக்கோ இச்சலுகை இல்லை. அதன் கியர்ப்பெட்டிக்குள் புகும் சிறிதளவு உப்புநீரும் எண்ணெயைக் கெடுத்துப் பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் அரித்துவிடும்.

2. கியர்ப்பெட்டியின் அமைப்பு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் தம் வெளிப்பொருத்து எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மேலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டின் சுழற்சியைச் சரிவுப் பல்சக்கரங்கள் கிடைநிலைக்கு மாற்றிப் புரொப்பெல்லருக்குத் தரும் ஏற்பாடு அதிலேயே அமைந்திருந்தது. பிற்கால எஞ்சின்களில் முன்செலுத்தம், பின்செலுத்தம் ஆகியவற்றுக்கான பல்சக்கரங்களும் சேர்ந்தன. இதனால் நீர் புகக்கூடிய வழிகளும் பெருகின. புரொப்பெல்லர் தண்டு, செங்குத்துத் தண்டு, கியர் மாற்றும் கம்பி, எண்ணெய்த் துளைகளின் திருகுகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் காப்பு தேவைப்பட்டது.

3. குமரிக் கடற்கரையில் எஞ்சின்

1953இல் கொல்லம் அருகே நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம், உள்ளூர்க் கலங்களில் எஞ்சின் பொருத்தும் முயற்சியிலிருந்து விரைவில் புதிய படகு வடிவங்களுக்கு நகர்ந்தது. 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த குமரி மாவட்டத்தில் கட்டுமரமும் வள்ளமுமே நெடுங்காலம் நிலைத்தன. முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் மையம் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கியது. அம்முயற்சியின் இடர்ப்பாடுகளைப் பியர் ஜில்லே 1985இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, எஞ்சின் வழங்குவதோடு பழுதுபார்ப்பு நிலையங்களையும் நடத்தியது. எஞ்சினை விற்பதால் மட்டும் தொழில் நடவாது என்பதை அந்நிலையங்களின் தேவையே காட்டுகிறது. எஞ்சின் நின்ற நாள் மீனவருக்கு வருவாயற்ற நாள். கடன் வாங்கி எஞ்சின் பெற்றவருக்குக் கடன் சுமை கூடும் நாள்.

4. பழுதும் மீட்டமைப்பும்

அலையடிக்கும் மணற்கரையில் படகை ஏற்றி இறக்கும்போது நீரிறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தினுள் மணல் புகுந்து, அதன் அடியிலுள்ள காப்பையும் தேய்க்கிறது. தங்கூசி நரம்பு புரொப்பெல்லரின் பின்னே தண்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுக்கிறது. வடித்தெடுத்த எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது நீர் புகுந்ததன் முதல் அடையாளம்.

மீட்டமைப்பில் மிகக் கடினமான பணி, உப்பால் இறுகிய பேரிங் கூட்டை அலுமினிய உறை உடையாமல் வெளியே எடுப்பதாகும். புரொப்பெல்லர் தண்டில் இரு சீல்கள் எதிரெதிர் முகமாகப் பொருத்தப்படுவது வழக்கம். ஒன்று நீரை வெளியிலும் மற்றொன்று எண்ணெயை உள்ளேயும் நிறுத்தும். முகம் மாறினால் புதிய சீலும் பயன்தராது. பழைய சீல் தண்டில் பள்ளம் பதித்திருந்தால், புதியதைச் சற்றுத் தள்ளிப் பொருத்தவோ தண்டுக்கு மெல்லிய உறை இடவோ வேண்டும். பல்சக்கரங்களின் இடைவெளியைச் சீராக்கும் மெல்லிய தகடுகள் முன்பிருந்த அளவிலேயே திரும்ப வேண்டும். இணைத்தபின் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா எனப் பார்ப்பர். குமிழி இல்லையெனில் கீழ்த்துளை வழியே எண்ணெயைச் செலுத்தி, மேல்துளையில் வழியும்வரை நிரப்புவர்.

5. சிக்கலைத் தவிர்த்த வடிவம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. சோழமண்டலக் கரையில் அவற்றில் பலவும் நீள்வால் டீசல் எஞ்சின்களைக் கொண்டவை. தாய்லாந்திலும் பரவலாக உள்ள இவ்வடிவத்தில், நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் அமைகிறது. நீருக்கடியில் பல்சக்கரப் பெட்டி இல்லை. டீசலின் சிக்கனம் இதன் பரவலுக்கு முக்கியக் காரணம் என்றாலும், எளிய பழுதுபார்ப்பும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

6. முடிவுரை

பம்பில் கசிவு ஏற்கப்பட்டது. வெளிப்பொருத்து எஞ்சினில் தடுக்கப்பட்டது. நீள்வால் எஞ்சினில் கசிவுக்கு இடமான கியர்ப்பெட்டியே நீக்கப்பட்டது. இவ்வேறுபாடுகள் குதிரைத்திறன் கணக்கில் புலப்படுவதில்லை. தண்டின் பள்ளம், மாற்றப்பட்ட தகடு, மறுபடி வெட்டிய திருகுமறை ஆகியன ஒரு கருவி எவ்வாறு உழைத்தது என்பதற்கான சான்றுகள். பழைய எஞ்சினைப் புதுப்பிக்கையில் இச்சுவடுகள் அழிந்துவிடக்கூடும். ஆகவே பிரிக்கும் முன்னரும் பிரிக்கும் போதும் அவற்றை அளந்து, படமெடுத்து, கழற்றிய உறுப்புகளையும் பாதுகாப்பது தொழில்நுட்ப வரலாற்றாய்வுக்குத் துணைசெய்யும்.