கட்டுமரமும் கழற்றுமரமும்

சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நம் காலனி இளைஞர் நால்வர், கூட்டாகப் பணம் போட்டு வாங்கிய பழைய பாய்ப்படகு ஒன்றை மோட்டார் வண்டியின் பின்னே பூட்டிய டிரெய்லரில் ஏற்றி, மும்பைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். வேடிக்கை பார்க்கும் ஆவலில் நாமும் உடன் சென்றோம். இரண்டு ஒடுங்கிய மிதவைகள், அவற்றை இணைக்கும் அலுமினியச் சட்டம், நடுவே இழுத்துக் கட்டிய கட்டிற்பாய் போன்ற துணித்தளம், நெடிய பாய்மரம் ஒன்று, இவ்வளவே அப்படகு. பெயர் என்னவென்று கேட்டோம். "கேட்டமரான்" என்றனர். நம் வீட்டுப் பெண் அயலூரில் வாழ்ந்து திரும்பிவந்து, தன் பெயரையே வேற்று ஒலியில் சொன்னாற்போல் இருந்தது நமக்கு.

ஏழு மணிக்குத் தொடங்கிய பூட்டும் வேலை ஒன்பதரை மணிக்கும் முடியவில்லை. கயிறுகள் சிக்கின, கொண்டி ஒன்று மணலில் விழுந்து மறைந்தது, பாதி எழுந்த பாய்மரம் பக்கவாட்டிற் சாய்ந்து, நல்ல வேளையாக எவர் தலையிலும் விழாமல் மணலில் விழுந்தது. அதற்குள் காற்று மாறிவிட்டது. படகு நீரைத் தொடாமலே வீடு திரும்பிற்று. அன்று தோன்றிய வினாவே இக்கட்டுரைக்கு வித்து. கட்டுவதும் கழற்றுவதும் நம் கடற்கரை மக்களுக்கு அன்றாடத் தொழிலாயிருக்க, அவர்கள் தந்த பெயரைத் தாங்கிய படகு இவ்வளவு தொல்லை தருவானேன்?

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கட்டிய மரம் கட்டுமரம். இதற்கு அகராதி தேவையில்லை. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் இம்மிதவைகளைக் கண்டதையும், ஒருவரே ஏறக்கூடிய சிறு மரங்களில் செல்வோரின் கால்கள் எப்போதும் நீரிலே நனைந்திருப்பதையும் எழுதிவைத்தார். பின்னர் அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்து பல வேடம் புனைந்தது. 1804-இல் பிரெஞ்சுத் துறையாகிய பூலோனைத் தாக்க இராபர்ட் ஃபுல்டன் செய்து கொடுத்த வெடிமிதவைகளுக்கும் அப்பெயரே வழங்கிற்று. சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கவும் ஆங்கிலேயர் அச்சொல்லை ஆண்டனர். அதற்கும் நம் மீனவர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று உறுதி கூறுகிறோம்.

இங்கே ஒரு மயக்கத்தையும் களையவேண்டும். இரட்டை மிதவைப் படகைத் தமிழரே கண்டுபிடித்தனர் என்றும், சோழர் படை கட்டுமரத்தில் ஏறியே கடாரம் சென்றது என்றும் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். கேட்கச் சுவையாயிருப்பினும் இதற்குச் சான்று இல்லை. நம் கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டிய மிதவை. இடைவெளி விட்டு இரண்டு ஓடங்களைப் பிணைக்கும் வகை பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீசிய மக்களுடையது. அவர்கள் தென்னைநார்க் கயிற்றால் ஓடங்களைக் கட்டி ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்தனர். பொருள் அவர்களுடையது, பெயர் நம்முடையது. இல்லாத பெருமையை ஏற்றிக்கொள்வதைவிட, இருக்கும் பெருமையை நன்கு அறிந்துகொள்வதே நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும்.

அந்தப் பெருமை யாது? சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலை உடைந்து மோதும். துறைமுகம் அமையாத நாளில் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அவையும் செல்ல இயலாத கொந்தளிப்பில் கடிதங்களைக் கொண்டுசென்றவர் கட்டுமரக்காரர். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகி, அலையில் விழுந்தும் எழுந்தும் கப்பலை அடைந்தனர். ஆணியடித்த கெட்டியான படகு அந்த அலையில் உடையும். கயிற்றால் கட்டியதோ வளைந்து கொடுக்கும். கயிறே அக்கலத்தின் உயிர்.

செதுக்கிய மரங்கள் சிலவற்றை வரிசைப்படுத்தி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்குவர். மரம் இலேசான வகை. ஆதலால் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய மரம் கனத்து ஆழும். எனவே கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணல்மேட்டுக்கு எடுத்துச் சென்று வெயிலில் உலர்த்துவர்; மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டுவர். அவிழ்ப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. முழுக் கலத்தை இழுக்கப் பலர் வேண்டும். ஒரு மரத்தைத் தூக்கச் சிலரே போதும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வகைகளை ஆராய்ந்து வெளியிட்ட நூலில் நம் கட்டுமரங்களுக்கும் இடமளித்தார். ஆயினும் கட்டினவர் பெயர் ஒன்றேனும் எந்த ஏட்டிலும் நிலைக்கவில்லையே என்பது நம் நெஞ்சிலுள்ள குறை.

மேனாட்டில் இரட்டை மிதவையின் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1662-இல் சர் வில்லியம் பெட்டி டப்ளினில் அவ்வகைப் படகு ஒன்றைச் செய்து ஓட்டினார். அமெரிக்கரான நதானியல் ஹெரஷாஃப் 1876-இல் ‘அமரில்லிஸ்’ என்னும் படகைக் கட்டி, நியூயார்க்குப் போட்டியில் பெரும் படகுகளையெல்லாம் பின்தள்ளினார். தோற்றவர் முறையிட்டதால் பரிசு மறுக்கப்பட்டது. வென்றவனை வெளியேற்றும் வழக்கம் எந்நாட்டிலும் புதிதன்று! நாம் கருதவேண்டியது வேறு: அவர் மிதவைகளை அசையாமல் இறுக்காது, ஒவ்வொன்றும் அலைக்கேற்ப அசையும் மூட்டுகளால் இணைத்தார். கயிற்றை அறியாமலே கயிற்றின் குணத்தை நாடினார் எனலாம்.

இங்கிலாந்தில் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேன்வி தீவைச் சேர்ந்த பிரௌட் சகோதரர் இரண்டு சிறு ஓடங்களைப் பிணைத்துப் பார்த்து, பின்னர் ‘ஷியர்வாட்டர்’ என்னும் படகை உருவாக்கினர். அவர்கள் குடும்பத் தொழில் மடக்குப் படகு செய்வது என்பது குறிப்பிடத்தக்கது. ஹவாயில் வுடி பிரௌன் 1947-இல் ‘மனு கை’யை மிதக்கவிட்டார். இவ்வகை பரவியது கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்டர் என்பவரால். அவருடைய 14 அடிப் படகு 1968-இலும், 16 அடிப் படகு அதை அடுத்தும் வெளிவந்தன. பின்னது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டு உலகெங்கும் பரவியது. நம் இளைஞர் வாங்கியதும் அவ்வகையே.

அப்படகில் ஆழ்பலகை கிடையாது. மிதவையின் வெளிப்பக்கம் தட்டையாகவும் உட்பக்கம் வளைந்தும் இருப்பதே பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுக்கிறது. சுக்கான்கள் தரை தட்டினால் தாமே மேலெழும். ஆகவே அலையினூடே நேரே மணலில் ஏறலாம். எடை ஏறக்குறைய 145 கிலோ. அகலம் 7 அடி 11 அங்குலம். இந்த ஓர் அங்குலக் குறைவு தற்செயலானதன்று என்றே நாம் கருதுகிறோம். அமெரிக்கச் சாலைகளில் 8 அடி அகலத்துக்கு மேற்பட்டதைத் தனி அனுமதியின்றி இழுத்துச் செல்ல இயலாத காலம் அது. படகின் அகலத்தைக் கடல் மட்டுமன்றிச் சாலையும் அளந்தது! இதற்கு மாறாக, 1967-இல் இராட்னி மார்ச் வரைந்த ‘டொர்னாடோ’ 10 அடி அகலமுடையது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் போட்டிகளில் ஓடிய அதனைச் சாலையிற் கொண்டுசெல்ல, குறுக்குத் தண்டுகளைக் கழற்ற வேண்டும். அல்லது டிரெய்லரில் ஒருபுறம் தூக்கிச் சரித்து வைக்க வேண்டும்.

அகலம் குறைந்தாலும் பாய்மரத்தின் தொல்லை குறையவில்லை. 26 அடிக்கு மேற்பட்ட அம்மரம் படுத்துக் கிடக்கையில், முன்கயிறும் மரமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைகின்றன. அப்போது கயிற்றை இழுத்தால் மரம் தன் அடியை நோக்கி அழுந்துமேயன்றி எழாது. அதனால் ஒருவர் தளத்தின்மேல் நின்று தோள்கொடுத்து உயர்த்த, மற்றவர் முன்னே நின்று இழுக்கவேண்டும். அறிந்தோர் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். மரத்தின் அடியில் ஒரு குட்டைக் கழியை நிமிர்த்தி நிறுத்தி, அதன் நுனிவழியே கயிற்றைச் செலுத்தி, டிரெய்லரின் முன்னுள்ள சுழற்றுருளையால் இழுப்பர். கழி உயரம் தருதலால் இழுப்பு மேல்நோக்கி வேலை செய்யும். அடியிலுள்ள கீல் மரத்தை வழுவாமல் பிடிக்கும். பக்கக் கம்பிகளோ மரம் முழுதும் நிமிர்ந்த பின்னரே விறைக்கும். அதுவரை அவை தளர்ந்தே கிடப்பதால், இருபுறமும் துணைக்கயிறு கட்டாவிடில் மரம் சாயும். நம் இளைஞர் தவறியது இங்கேதான்.

மற்றோர் அபாயம் பெரிது. நிமிர்ந்த உலோக மரம் மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டால் உயிர் போகும். அமெரிக்காவில் அவ்வாறு சிலர் மாண்டனர். அதனால் 1980-களில் மின்சாரம் பாயாத பொருளால் மரத்தின் மேற்பகுதியை அமைத்தனர். படகு வாங்குவோர் முதலில் அண்ணாந்து பார்க்கப் பழகவேண்டும்.

சட்டத்தின் மூட்டுகளிலும் ஓர் இக்கட்டு உண்டு. பழகிய படகில் மூட்டு தளர்ந்து, மிதவைகள் ஒன்றையொன்று பாராமல் ஆடும். சிலர் வலிய பசையூற்றி மூட்டை நிரந்தரமாக இறுக்குவர். படகு விறைப்பாக ஓடும், மெய்தான். ஆயின் பின்னர் எளிதிற் கழற்ற முடியாது. மாடிக்குடியிருப்பில் வாழும் நம் போன்றோர், படகைப் பகுதி பகுதியாக வைக்க இடம் தேடுவோர், பசையை நாடாமல் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகி இறுக்குவதே நன்று என்பது நம் கருத்து.

பிறகு நடந்ததைச் சொல்லி முடிப்போம். நம் காலனியில் கடலூர்ப் பக்கத்து மீனவர் குடியிற் பிறந்த முதியவர் ஒருவர், மகன் வீட்டில் தங்கியிருக்கிறார். இரண்டாம் முறை அவரையும் அழைத்துச் சென்றோம். நெடுநேரம் பேசாமல் பார்த்திருந்தவர், "தம்பி, கயிறு எல்லாத்தையும் ஒரே மூட்டையா ஏன் கட்டுறீங்க?" என்று கேட்டார். தம் சிறுவயதில், அவிழ்த்த கயிறு அந்தந்த மரத்திலேயே சுற்றப்பட்டிருக்கும் என்றும், விடியற்கால இருட்டில் விளக்கின்றித் தடவியே கட்டுவர் என்றும் கூறினார். "கை தேடக்கூடாது, தம்பி. கைக்குத் தெரிஞ்ச இடத்துல கயிறு இருக்கணும்." இளைஞர், "சரிங்க ஐயா" என்றனர், அவர்களுள் ஒருவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

அந்த வாரமே மாற்றங்கள் தொடங்கின. பக்கக் கம்பிகளை மரத்திலிருந்து கழற்றாமல், மரத்தோடு சேர்த்து இரப்பர்ப் பட்டைகளால் கட்டினர். இடக்கம்பிக்குச் சிவப்பும் வலக்கம்பிக்குப் பச்சையும் பூசினர். கொண்டிகளுக்குப் பதில் அழுத்தினால் திறக்கும் ஆணிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் அதன் துளையருகே சிறு நூலால் பிணைத்தனர்; மணல் இனி எதையும் விழுங்காது. டிரெய்லரின் முன்னே மரம் படுக்க ஒரு தாங்கி செய்து, அதையே மரத்தை உயர்த்தும் கழியாகவும் பயன்படுத்தினர். மணலில் இழுக்கக் காற்றுக் குறைந்த பருத்த உருளைகள் வாங்கினர். மூன்றாம் முறை பூட்ட ஐம்பது நிமிடம் ஆயிற்று.

முதியவர் ஊரில் இப்பொழுது கட்டுமரம் அரிது. 1980-களில் பரவத் தொடங்கிய கண்ணாடியிழைப் படகுகள், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாகப் பெருந்தொகையில் வழங்கப்பட்டன. அவற்றை யாரும் அன்றாடம் அவிழ்ப்பதில்லை. அவற்றால் தொலைவு செல்ல முடிகிறது, மீனும் மிகுதி என்று அவரே சொல்கிறார். பழையதை எண்ணி ஏங்கவில்லை. ஆயினும் அன்று படகு அலையைத் தாண்டியதும், கரையில் விடப்பட்டிருந்த கயிறு ஒன்றைத் தம்மையறியாமல் கையிலெடுத்து, முடிச்சிட்டு, அவிழ்த்து, மீண்டும் முடிச்சிட்டுக்கொண்டே அமர்ந்திருந்தார். இளைஞர் திரும்பி வந்தபின் அம்முடிச்சைக் கேட்டுக் கற்றனர். அடுத்த மாதம் காலனிச் சிறுவர்க்கும் அதைக் கற்பிக்க இசைந்திருக்கிறார். இடம், சங்கக் கட்டடத்து மொட்டைமாடி.