திங்கட் பெயர்களில் ஒரு வரலாறு

ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிய உடன்படிக்கைகளும் ஆட்சியாளர் குறிப்புகளும் மாத்திரம் போதியனவல்ல. அச்சமூகம் வழங்கும் சொற்களும் சான்றுகளாக அமைவதுண்டு. வட அமெரிக்கப் பெரும் புல்வெளிகளின் சுதேசிகளான லக்கோத்தா மக்களின் மாதப் பெயர்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அம்மொழியில் 'வீ' என்னுஞ் சொல், தமிழிற் 'திங்கள்' என்பது போல, நிலவையும் மாதத்தையும் குறிக்கும். யூன் மாதத்திற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'திம்ப்சிலா பூக்குந் திங்கள்' என்பதாகும். திம்ப்சிலா மாப்பொருள் நிறைந்த ஒரு காட்டுக் கிழங்கு. விதை முற்றியதும் அதன் தண்டு அடியில் ஒடிந்து காற்றில் உருண்டோடிவிடும். பின்னர்க் கிழங்கிருக்கும் இடத்தைக் காண்டல் அரிது. எனவே பூக்குங் காலத்தைப் பெயராற் பேணுதல் உணவைப் பேணுதலாயிற்று. பெண்கள் கூரிய கோலினால் அதனை அகழ்ந்து, தோலுரித்து, சடைபோலப் பின்னி உலர்த்தி, பனிக்காலத்துக்கெனச் சேமித்தனர்.

யூலை, 'சான்பா கறுக்குந் திங்கள்'. சான்பாவின் சிறு பழங்களை விதையோடு இடித்து, வில்லைகளாகத் தட்டி உலர்த்தினர். பைசன் எருமையின் இறைச்சி வற்றலையும் கொழுப்பையும் இத்தகைய பழங்களோடு கலந்து 'வாஸ்னா' என்னும் உணவைச் செய்தனர். அடுத்து வருவது, 'கான்டா' எனும் காட்டுப் பிளம் சிவக்குந் திங்கள். இலையுதிர் காலத்தில், 'நில அவரை' எனப் பொருள்படும் மகாதொம்னிச்சாவை எலிகள் வளைகளிற் சேர்த்துவைக்கும். அதனை எடுத்த பெண்கள், எலிகள் பட்டினியுறாவண்ணம் ஈடாகச் சோளம் வைத்துச் சென்றனர்.

இத்தகைய புல்வெளிகளின் மேற்குப் பகுதியையே, 1820 இல் அதனூடு சென்ற ஸ்டீபன் லோங்கின் ஆய்வுக்குழு 'பெரும் பாலைவனம்' எனப் படத்திற் குறித்தது. 1868 ஆம் ஆண்டின் லரமிக் கோட்டை உடன்படிக்கை, மிசூரி ஆற்றுக்கு மேற்கே பரந்த நிலத்தை லக்கோத்தா மக்களுக்கு ஒதுக்கியதோடு, நான்கு ஆண்டுகளுக்கு இறைச்சியும் மாவும் பங்கீடாக வழங்க உடன்பட்டது. பைசன் மந்தைகள் அழிக்கப்படவே, அப்பங்கீடு உயிர்வாழ்வுக்கு இன்றியமையாததாயிற்று. 1876 இல் அமெரிக்கக் காங்கிரஸ், கருங்குன்றுகளை விட்டுக்கொடுத்தாலன்றிப் பங்கீடில்லை என விதித்தது. 1877 இல் அக்குன்றுகள் பறிக்கப்பட்டன. 1889 இல் எஞ்சிய நிலமும் துண்டாடப்பட்டது. நிலத்தால் உணவு பெற்றவர், உணவின் பேரால் நிலத்தை இழந்தனர்.

ஆயினும் திங்கட் பெயர்கள் அழிந்தொழியவில்லை. லக்கோத்தா மக்கள் இன்றும் திம்ப்சிலாவை அகழ்ந்து சடையாகப் பின்னுகின்றனர். 'பாலைவனம்' எனப்பட்ட நிலம் ஒரு மக்கட் கூட்டத்தின் களஞ்சியமாக இருந்தது என்பதற்கு, எந்த உடன்படிக்கையினும் உறுதியான சான்று அப்பெயர்களே எனலாம்.