ஏட்டையாவின் சைக்கிள்

போன வாரம் எங்கள் பிளாக்குக்குக் கீழே இரண்டு போலீஸ்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டி கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். ஒருவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பேங்கில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ அதிகாரி மாதிரி பேசிப் பணம் கறக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டி ஓடுகிற போலீஸ் காரைக் கை காட்டி நிறுத்தியிருப்பாரா? வீட்டுக்கு வந்த பிறகும் இதே யோசனைதான். கூடவே எங்கள் ஊர் ஏட்டையா ஞாபகமும் வந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் புத்தலப்பட்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்த போலீஸ் என்றால் அது ஏட்டையாவும் அவருடைய சைக்கிளும்தான். கேரியரில் லத்தி, ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை. தாத்தா திண்ணையில் இருந்தபடியே "ரா அய்யா, மஜ்ஜிக தாகி போ" என்பார். மோர் குடித்து முடிப்பதற்குள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக்குப் புது ஆள் வந்திருக்கிறான், எல்லாம் ஏட்டையா காதுக்குப் போய்விடும்.

ஒரு வருடம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் என் சித்தப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகராறு. கடப்பாரையைத் தூக்குகிற அளவுக்குப் போய்விட்டது. டீக்கடையில் இதைக் கேள்விப்பட்ட ஏட்டையா மறுநாள் காலையே வந்து இரண்டு பேரையும் புளியமரத்தடியில் உட்கார வைத்துப் பேசி முடித்தார். அது கேஸ் ஆகியிருந்தால் இரண்டு குடும்பமும் சித்தூர் கோர்ட்டுக்குப் பல வருடம் நடந்திருக்கும்.

அதற்காக அவரைப் பெரிய மகான் என்று சொல்ல வரவில்லை. திரும்பிப் போகும்போது அந்தத் துணிப்பையில் கத்தரிக்காயோ வெல்லமோ இருக்கும். காசு கொடுத்து வாங்கியது இல்லை.

சரி, போலீஸ்காரர் கையில் சைக்கிள் எப்படி வந்தது? இன்றைய சைக்கிளுக்கு முன்னோடியான ரோவர் சைக்கிளை ஸ்டார்லி இங்கிலாந்தில் 1885-இல் கொண்டுவந்தார். பத்தே வருடத்தில், 1895-இல், நியூயார்க் போலீசில் சைக்கிள் படை ஒன்று தொடங்கியது. அப்போது அங்கே போலீஸ் கமிஷனர்களின் தலைவராக இருந்தவர், பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். காரணம் என்ன தெரியுமா? வேகம்! தெருவில் கண்மண் தெரியாமல் சைக்கிள் ஓட்டுகிறவர்களையும், மிரண்டு ஓடும் வண்டிக் குதிரைகளையும் துரத்திப் பிடிக்க. 1899-இல் நியூயார்க்கில் மணிக்கு 12 மைல் வேகத்தில் போன ஒரு மின்சார டாக்சியின் டிரைவரைத் துரத்திக் கைது செய்தவரும் ஒரு சைக்கிள் போலீஸ்காரர்தான். அமெரிக்காவில் வேகமாகக் கார் ஓட்டியதற்கான முதல் கைது என்று அதைச் சொல்வார்கள்.

நம் பக்கம் கதை வேறு. வரி வசூலுக்காக ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரித்த சென்னை மாகாணக் கமிஷன் 1855-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு 1859-இல் மாகாணத்துக்குத் தனி போலீஸ் சட்டம் வந்தது. 1861-இல் இந்தியாவுக்கான போலீஸ் சட்டம். இந்தப் போலீசுக்கு மாதிரி லண்டன் தெருவில் நடந்துபோன கான்ஸ்டபிள் இல்லை, அயர்லாந்தை அடக்கி வைக்க ஆங்கிலேயர் அமைத்த ஆயுதப் போலீஸ். அப்போது எங்கள் சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம். 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது.

ஆக, ஜனங்களோடு பழகுவதற்காக அமைத்த போலீஸ் இல்லை அது. அப்படியும் ஏட்டையா திண்ணையில் உட்கார்ந்தார் என்றால் அதற்குச் சட்டம் காரணமில்லை. வெயிலில் பெடல் மிதித்து வருகிறவனுக்குத் தாகம் எடுக்கும், அவ்வளவுதான்.

பிறகு ஜீப் வந்தது, வயர்லெஸ் வந்தது. இது எல்லா நாட்டிலும் நடந்ததுதான். கூப்பிட்டால் சீக்கிரம் வந்தார்கள், ஆனால் கூப்பிடாமல் வருவது குறைந்துவிட்டது. இதைக் கவனித்த ஊர்கள் போலீசை மறுபடியும் தெருவில் இறக்கின. சிங்கப்பூரில் 1983-இல் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கப் போலீஸ் நிலையம் திறந்தார்கள். ஜப்பானில் தெருமுனையில் இருக்கும் 'கோபான்' என்ற சின்னப் போலீஸ் நிலையம்தான் மாதிரி. அங்கே போலீஸ்காரர் இன்றும் சைக்கிளில் சுற்றுகிறார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1987-இல் பஸ் சுரங்கம் தோண்டும் வேலையால் கார்கள் நகர முடியாதபோது, இரண்டு போலீஸ்காரர்கள் மலை சைக்கிளில் ரோந்து போக ஆரம்பித்தார்கள். நெரிசலில் புகுந்து போக முடிந்தது, சத்தமில்லாமல் பக்கத்தில் போக முடிந்தது. பிறகு பல நகரங்கள் இதைப் பின்பற்றின.

நம் ஊரிலும் நல்ல உதாரணம் உண்டு. 1999-இல் திருச்சி கமிஷனராக வந்த திரிபாதி, நகரத்தைச் சின்னச் சின்ன பீட்டாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தக் கான்ஸ்டபிள்களே பொறுப்பு என்று வைத்தார். இதில் முக்கியம் வண்டி இல்லை, அதே ஆள் அதே தெருவுக்குத் திரும்பத் திரும்ப வருவது. 2022 மார்ச்சில் வட சென்னை இணை கமிஷனர் ரம்யா பாரதி நள்ளிரவில் சுமார் 9 கிலோமீட்டர் சைக்கிளிலேயே ரோந்து போனார். முதல்வரே பாராட்டினார். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு அதிகாரி ஒரு ராத்திரி போனால் செய்தி, ஒரு கான்ஸ்டபிள் தினமும் போனால்தான் பலன்.

கணக்குப் படித்தவன் என்பதால் இன்னொன்று. உத்தரப் பிரதேசத்தில் போலீஸ்காரர்களுக்கு மாதம் 200 ரூபாய் சைக்கிள் படி இருந்தது. 2022 அக்டோபரில் அதை மாற்றி 500 ரூபாய் மோட்டார் சைக்கிள் படி என்று அறிவித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த வெயிலில், அவ்வளவு வேலைக்கு நடுவில், யார் மிதிப்பது? நெடுஞ்சாலை விபத்துக்கும், சேஷாசலம் காட்டில் செம்மரம் கடத்துகிறவர்களைப் பிடிக்கவும் சைக்கிளில் போக முடியாது. ஜீப் வேண்டும், பைக் வேண்டும். அதோடு தெருவுக்கு ஒரு சைக்கிளும் வேண்டும் என்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்த கிளையில் ஷட்டர் பக்கத்தில் ஒரு பீட் புக் தொங்கும். ராத்திரி ரோந்து வருகிறவர் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுவார். இப்போது பல நகரங்களில் அதற்குப் பதில் போனில் ஸ்கேன் செய்கிறார்கள். இரண்டுமே அவர் வந்தார் என்பதற்குத்தான் வவுச்சர். யாரிடமாவது பேசினாரா என்பது அதில் வராது.

இவ்வளவு எழுதக் காரணம் என் அப்பா. 76 வயது, அம்மா போன பிறகு ஊரில் தனியாக இருக்கிறார். போன வருடம் ஒருவன் போனில் கேஒய்சி அப்டேட் என்று சொல்லி அவர் கணக்கிலிருந்து 40,000 ரூபாயை எடுத்துவிட்டான். மகன் பேங்க் ஆபீசர்! வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். நடந்த உடனே 1930-க்குச் சொல்லியிருந்தால் பணத்தை நடுவிலேயே முடக்க வாய்ப்பு இருந்தது.

"ஸ்டேஷனுக்காவது போயிருக்கலாமேப்பா" என்றேன்.

"ஸ்டேஷன் வாசப்படி நான் மிதிச்சதே இல்லப்பா."

"தெருவுல போலீஸே வர்றதில்லையா?"

"தினமும் ஜீப்பு போவுது. ஓடுற ஜீப்பை எப்படி நிறுத்தறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், எங்கள் தெருவுக்குப் பொறுப்பான கான்ஸ்டபிள் யார் என்று கேட்டு, அவர் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். சின்னப் பையன், நன்றாகப் பேசினார். வந்தால் மோர் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் அடுத்த முறை ஊருக்குப் போன் பேசும்போது, தெருவுக்கு வரும் போலீஸ்காரர் பெயர் என்ன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால், அடுத்த லீவில் செய்ய வேண்டிய வேலைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.