ரியர் டிஸ்க் பிரேக்: பிஸ்டனை அழுத்தாதீங்க, திருப்புங்க! டெல்டாவில் ஹேண்ட்பிரேக் இறுகுவது ஏன்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் பெரும்பாலும் சமவெளிதான். காரை கியரில் போட்டு நிறுத்திவிட்டு, ஹேண்ட்பிரேக்கை மாதக்கணக்கில் தொடாமலே ஓட்டுபவர்கள் உண்டு. ஏற்காடு, கொடைக்கானல் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தும்போதுதான் சிக்கல் தெரியும். லீவரை இழுத்தால் பிடிக்காது, பிடித்தால் விடாது.

கேலிப்பருக்குள் என்ன இருக்கு?

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள பல கார்களில் ஹேண்ட்பிரேக்குக்குத் தனி அமைப்பு கிடையாது. ஒரே கேலிப்பர், ஒரே பிஸ்டன். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கேபிள் ஒரு சிறு லீவரைத் திருப்பி, உள்ளே உள்ள மரை வழியாக அதே பிஸ்டனைத் தள்ளும். சில கார்களில் மட்டும் டிஸ்க்கின் நடுவே சிறிய டிரம் தனியாக இருக்கும்.

டெல்டாவில் ஏன் கூடுதல் கவனம்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேறும் தண்ணீரும் கேபிள் உறைக்குள் இறங்கும். தை அறுவடையில் வைக்கோல் தூசி. நாகை, வேளாங்கண்ணி பக்கம் உப்புக்காற்று. பயன்படுத்தாத லீவர் துருப்பிடித்து இறுகும்.

அறிகுறிகள்

• ஒரு பின்சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாவது, கருகல் வாசனை
• ஒரு பக்க பேட் மட்டும் சீக்கிரம் தேய்வது
• நியூட்ரலில் தள்ளினால் வண்டி லேசாக உருளாதது

பேட் மாற்றும்போது

1. ஹேண்ட்பிரேக்கை விடுவித்துத்தான் வேலை செய்யணும். அதனால் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

2. முன்சக்கரத்தில் செய்வதுபோல கிளாம்ப் போட்டு பிஸ்டனை அழுத்தினால் உள்ளே உள்ள மரை உடையலாம். அதற்கான கருவியால், லேசாக அழுத்தியபடி திருப்பணும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை வாகனத்தின் சர்வீஸ் கையேட்டில் பார்க்கவும்.

3. பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளம், பேடின் பின்பக்க முனையோடு பொருந்தணும்.

4. பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் ஏறும்; வழியாமல் பார்க்கணும்.

5. ஸ்லைடு பின்களைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடணும். மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

6. முடிந்ததும் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்கணும். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது! ஹேண்ட்பிரேக் கேபிளைச் சரிபார்ப்பது அதன்பிறகுதான்.

பட்டன் ஹேண்ட்பிரேக் என்றால்?

இதில் கேபிளுக்குப் பதில் கேலிப்பரிலேயே மோட்டார் இருக்கும். முதலில் சர்வீஸ் மோடுக்கு மாற்றணும். பல கார்களில் இதற்கு ஸ்கேனர் தேவை. மாற்றாமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டார் அமைப்பே பழுதாகலாம். ரோட்டோர மெக்கானிக்கிடம் விடும் முன், ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தினமும் செய்யவேண்டியது

சமதரையில் நிறுத்தினாலும் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு எடுங்கள். கேபிளும் லீவரும் அசைந்துகொண்டே இருந்தால் இறுகும் வாய்ப்பு குறையும். ஆனால், மழைத் தண்ணீரில் ஓட்டிய காரைப் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.