பூட்டிய அலமாரி

தரமணியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் நான். மார்ஃபின் என்றாலே எங்கள் தலைமுறைக்கு நினைவு வருவது வலியல்ல, பூட்டும் பதிவேடும்தான். 1985 நவம்பரில் போதைப்பொருள் சட்டம் அமலுக்கு வந்தது. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு சிறை. வைத்திருக்க ஓர் உரிமம், மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர வேறு உரிமங்கள். ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். வாங்காமல் இருப்பதே நிம்மதி என்று மருந்தகங்கள் ஒதுங்கின. உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூர் ஆலையில், மார்ஃபினுக்கு மூலமான அபினை அரசே பதப்படுத்தி வெளிநாடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது! புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைப் படிப்படியாகக் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொல்லியிருந்தது.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது; மறு ஆண்டு மார்ஃபின், ஃபென்டானில் உள்ளிட்ட 6 மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இவற்றை முதல் மருந்தாக எழுதக் கூடாது. இப்படித் தாராளமாக எழுதியதால் பலர் அடிமையாகி அமெரிக்கா பட்ட பாடு போதும். எழுதினால் குறைந்த அளவு, குறுகிய காலம், மலச்சிக்கலுக்குக் கூடவே மருந்து. தூக்கமாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். கடைகளில் சாதாரணமாகப் புழங்கிய டிரமடாலும் 2018இல் அதே சட்டத்துக்குள் வந்தது.