ஹஜ் யாத்திரையும் கைக்குழந்தையும்

1880ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கு வழியாக அரபு நாடு நோக்கிச் சென்றது ‘ஜெட்டா’ என்னும் நீராவிக் கப்பல். அதில் ஹஜ் யாத்திரிகராகச் சென்றோர் 778 ஆடவர், 147 பெண்டிர், 67 குழந்தைகள். கப்பலுக்குள் நீர் புகவே, ஆகஸ்ட் 8இல் தலைவனும் வெள்ளை அதிகாரிகளும் அவர்களை நடுக்கடலில் கைவிட்டுப் படகேறித் தப்பினர். ‘ஆன்டினார்’ என்ற மற்றொரு கப்பல் அதை ஏடனுக்கு இழுத்து வந்து சேர்த்தது. இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டதே ஜோசப் கான்ராடின் ‘லார்ட் ஜிம்’ நாவல். தப்பியோடியவனின் மனச்சான்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த 67 குழந்தைகளைப் பற்றி யார் பேசினார்?

பச்சிளங்குழந்தைகளை ஏன் அழைத்துச் சென்றார்கள் என்று இன்று வினவுதல் எளிது. அன்று ஊர் திரும்பப் பல மாதங்களாகும். தாயும் தந்தையும் ஒருங்கே புறப்பட்டால் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது? நம் முன்னோரும் நாகப்பட்டினத்தில் குழந்தை குட்டிகளோடு கப்பலேறி, பினாங்கின் ஜெரஜாக் தீவு நோய்த்தடை முகாமில் நாள் எண்ணிக் காத்திருந்தவர்களே. ஆகவே அப்பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனினும் ஆபத்து சிறிதன்று. 1865இல் மக்காவில் வாந்திபேதி பரவி, கூடியிருந்த 90,000 பேரில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. திரும்பிய யாத்திரிகரோடு நோய் எகிப்துக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பரவியது. மறு ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. 1882இல் செங்கடலின் கமரான் தீவில் துருக்கி அரசு நோய்த்தடை நிலையம் அமைத்தது. மலாயா யாத்திரிகரும் அங்கே இறங்கியே செல்ல வேண்டியதாயிற்று. ஆனால் வல்லரசுகளின் முதற்கவலை ஐரோப்பியத் துறைமுகங்களே. குழந்தையின் உயிர் பின்னரே வந்தது.

மார்க்கச் சட்டமோ இதில் தெளிவானது. பருவமெய்தாத பிள்ளையின் ஹஜ்ஜுக்கு நன்மை உண்டு. ஆயினும் அது கடமையைத் தீர்க்காது. வளர்ந்தபின், வசதியிருப்பின், மீண்டும் சென்றே ஆகவேண்டும். எனவே நோய்க்காலத்தில் பிள்ளையை விட்டுச் செல்வதால் கடமை எதுவும் தவறுவதில்லை. ஆயினும் அரசுகள் குழந்தையின் வயதைக் குறித்துப் பேசியது நெடுங்காலம் கழித்தே. 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது, 12 வயதுக்குட்பட்டோரை அனுப்பலாகாது என்று அரபு நாட்டுச் சுகாதார அமைச்சர்கள் கெய்ரோவில் முடிவு செய்தனர். 2013இல் மெர்ஸ் நோய்க்காக, அவ்வயதினர் யாத்திரையைத் தள்ளிவைக்குமாறு சவூதி அரசு கேட்டுக்கொண்டது. 2020இல் கோவிட் நோயால் மலேசியாவிலிருந்து பெரியவர்களே செல்லவில்லை.

கிள்ளான் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய நாளில் ஹஜ் கப்பலை வழியனுப்பக் கூடிய கூட்டம் இன்று சிப்பாங் விமான நிலையத்தில் கூடுகிறது. பயணம் மாதக்கணக்கிலிருந்து மணிக்கணக்காகச் சுருங்கிவிட்டது. உம்ராவுக்குப் பள்ளி விடுமுறையே போதுமானதாகிவிட்டது. கிள்ளான் பெற்றோர் ஒருவர், ஐந்து வயது மகளை அழைத்துச் செல்லலாமா, பாட்டியிடம் விட்டுச் செல்லலாமா என்று என்னிடம் கேட்டார். விட்டுச் சென்றால் கவலையில்லை என்றே நானும் முதலில் எண்ணினேன். ஆனால் 2000ஆம் ஆண்டு ஹஜ் முடிந்து திரும்பியவர்களிடமிருந்து மூளைக்காய்ச்சல் கிருமி, யாத்திரையே செல்லாத வீட்டாருக்கும் தொற்றியது. பிரிட்டனிலும் பிரான்சிலும் குழந்தைகளும் நோயுற்றனர். அதன் பின்னரே யாத்திரிகருக்கு நால்வகைக் கிருமிக்கும் எதிரான தடுப்பூசி கட்டாயமாயிற்று. அதைச் சொல்லி, பிள்ளைக்குரிய ஊசி பற்றியும் மருத்துவரைக் கேட்குமாறு கூறினேன். அவர் மனைவியையும் மாமியாரையும் உடனழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றார்.